டீ வண்டி வந்த நேரம்

ஹேஸ்டிங்ஸ்
9 பிப்ரவரி 2003

அன்புள்ள வால்டர் அண்ணனுக்கு,

நெவில் எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஐரீன் அண்ணிக்கு நெஞ்சுச் சளி இந்தக் குளிரிலாவது அடங்கியதா? என் உடம்புக்குக் குறைவில்லை. கடல் காற்றுதான் ஜன்னல் சந்தில் புகுந்து ராத்திரியெல்லாம் ஊளையிடுகிறது.

ஒரு சேதி. நம்ப மாட்டாய். அறுபத்தொன்பதில் நான் போட்ட ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். கேரத் என்று ஒரு பையன், சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறான். அந்த இசைத்தட்டு வந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஜாஸ்காரர்கள் இது வெறும் இரைச்சல் என்றார்கள். ராக் கேட்கிறவர்கள் பாட்டு எங்கேய்யா என்றார்கள். இப்போது அவன் வயசுப் பையன்கள் பழைய தட்டுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். செப்டம்பரில் சி.டி.யாக வருகிறது.

ஸ்டூடியோவில் பதிவான டேப் ரீல்கள் பழைய கம்பெனியின் கிடங்கில் பத்திரமாக இருந்திருக்கின்றன. போதாததற்கு, என் துணி அலமாரியில் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் கிடந்த ஒரு ரீலையும் அவன் எடுத்துப் போய்விட்டான். நான் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

டின்ஸ்லியில் நம் பழைய வீட்டு வாசலில் நாம் இருவரும் கிட்டாரோடு நிற்கும் படம் உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்பினால் சி.டி.யோடு வரும் சின்னப் புத்தகத்தில் போடுவார்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
நெவில்

*

ராதரம்
14 பிப்ரவரி 2003

அன்புள்ள நெவில்,

முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழை சொல்கிறது. ஐரீன் இருமினாலும் என்னைத் திட்டுவதற்கு மூச்சு மிச்சம் வைத்திருக்கிறாள். நாங்கள் நன்றாகவே இருக்கிறோம்.

உன் சேதி கேட்டு சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதிவிட்டேன், ஐரீன் தோளுக்கு மேலே நின்று படிக்கிறாள். அவள் போய்விட்டாள். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்குச் சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை எனக்கு.

படம் அனுப்புகிறேன். படத்தில் கிட்டார் யார் கையில் இருக்கிறது என்று பார். என் கையில். பதினைந்து வயசில் உருக்காலையில் சேர்ந்து, என் கூலியில் நான் வாங்கியது. அப்பாவுக்குத் தீக்காயம் பட்ட பிறகு ஒருத்தன் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றானது. நான் இருந்தேன். நீ லண்டன் ரயில் ஏறினாய், என் கிட்டாரோடு. அதைப் பற்றி நான் பேசவில்லை. பேசியதே கிடையாது, இப்போதும் பேசவில்லை.

ஆனால் "டின்ஸ்லி" பாட்டு விஷயம் வேறு. அந்த ஆல்பத்தைப் பற்றி எவன் எழுதினாலும் "டின்ஸ்லி"யில் வரும் சோலோவை, அந்தத் தனி கிட்டார் வாசிப்பைத்தான் தூக்கிப் பிடிக்கிறான். நெவில் இபட்சனின் விரல்கள் என்கிறான். யார் விரல்கள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆலையை மூடும் விடுமுறைக்கு உன்னைப் பார்க்க லண்டன் ஸ்டூடியோவுக்கு வந்தேன். இடைவேளையில் எல்லோரும் சிகரெட் பற்ற வைக்கும்போது நீதான், "சும்மா ஒரு தடவ வாசிச்சுப் பாரேன், டேப் ஓடட்டும்" என்றாய். வாத்தியக்காரர்களும் சரி போகட்டும் என்று கூடச் சேர்ந்தார்கள். நான் பாதியில் இருக்கும்போது ஸ்டூடியோவில் டீ கொடுக்கும் அம்மாள் வண்டியைக் கடகடவென்று உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். கப்பும் சாஸரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் நிறுத்தினேனா? இல்லை. முடித்துவிட்டுத்தான் கப்பைக் கையில் எடுத்தேன். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். என்ன பதிவானது என்று கேட்கக்கூட நேரமில்லை.

இந்தத் தடவை உறையில் என் பேரைப் போடச் சொல். கேட்பது அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வால்டர்

*

ஹேஸ்டிங்ஸ்
30 மார்ச் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

படம் வந்தது. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்கிறார். ஆயுசு முழுக்கச் சர்க்கரை தொடாதவனுக்கு இந்த வியாதி வந்திருப்பதை நினைத்து நீ சிரிப்பாய். சிரி. அண்ணிக்கு இருமல் குறைந்ததா?

கேரத்திடம் மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் ஒருத்தர் பேரையும் நாங்கள் போடவில்லை. டிரம்ஸ் அடித்தவர் பேர்கூட இல்லை. இத்தனை வருஷம் கழித்து, எந்த இடத்தில் யார் என்று பிரிப்பது எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆல்பம் எல்லோருடையதும்தானே.

தோட்டத்தில் லீக் வெங்காயம் நன்றாக வந்திருக்கிறதா?
நெவில்

*

ராதரம்
3 ஏப்ரல் 2003

நெவில்,

நலம். லீக் நலம். ஐரீனும் நலம். விசாரிப்பு முடிந்தது.

எல்லோருடையதுமா? பத்திரிகைக்காரன் வந்து உன்னைப் படம் எடுத்தபோது அது எல்லோருடையதாக இருந்ததா? வாரம் தவறாமல் தொழிலாளர் கிளப்பில் பிங்கோ எண் விளையாட்டுக்கு நடுவே இரவல் கிட்டாரில் நான் வாசிக்கிறேன். எண் கூப்பிடுகிறவன் தொண்டையைச் செருமினால் பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டும். அங்கே எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவு. அந்தச் சோலோ ஒன்றுதான் என் சொத்து. அதை ஐரீனைத் தவிர யாரிடமும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அப்பா இறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தாய். நான் உன்னிடம் நேராகக் கேட்டேன். "அதுல இருக்கறது நாந்தானடா?" என்றேன். நீ இல்லை என்றாயா? சிரித்தாய். என் கிளாஸை நிரப்பினாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, மூடவும் இல்லை. கிளப்பில் சொல்லிவிட்டேன். செயலாளர் பெர்சி, சி.டி. வந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாக அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டான். என் பேர் உறையில் இல்லாவிட்டால் அந்தக் கதவுக்குள் இனி நான் நுழைய முடியாது. நினைவிருக்கட்டும்.

வால்டர்

*

ஹேஸ்டிங்ஸ்
2 மே 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மாத்திரையும் கையுமாக நடமாடுகிறேன்.

கேரத்திடம் சொல்லிவிட்டேன். "டின்ஸ்லி, சோலோ கிட்டார்: வால்டர் இபட்சன்" என்று அச்சாகும். அவன் கொஞ்சம் ஆடிப்போனான். இரண்டு தடவை கேட்டான், நிச்சயமா என்று. நிச்சயம் என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆல்பத்துப் பாட்டுகளுக்குப் பிறகு, கடைசியில் ஏதோ உதிரி டேப்பையும் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. கிளப்பில் அதெல்லாம் போட வேண்டாம். "டின்ஸ்லி" முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மிச்சம் கேட்கும்படி இருக்காது.

நெவில்

*

ராதரம்
8 மே 2003

அன்புத் தம்பி நெவிலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள், "சரி சரி, டீ ஆறுது" என்றாள். அவளுக்கு இது புரியாது.

உன் சர்க்கரைக்கு என்ன செய்கிறாய்? இனிப்பில்லாமல் ரூபார்ப் தண்டை வேகவைத்துச் சாப்பிடு. எங்கள் தோட்டத்தில் காடாய்க் கிடக்கிறது, ஒரு கட்டு அனுப்பி வைக்கிறேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். நீ நல்ல பிள்ளைதான். ரேஷன் காலத்திலேயே உன் பங்குச் சர்க்கரையையும் எனக்கே கொடுத்தவன் நீ. உறையில் பேர் பெரிதாக வேண்டாம். கண்ணாடி போட்டுப் படித்தால் தெரிகிற அளவு போதும்.

உன் வாசிப்பும் மோசம் என்று சொல்ல மாட்டேன். மற்றப் பாட்டுகளில் நன்றாகத்தான் இருக்கிறது.

பாசத்துடன்,
வால்டர்

*

ஹேஸ்டிங்ஸ்
16 செப்டம்பர் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் சௌக்கியமா? ரூபார்ப்புக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, மற்றபடி குறையில்லை.

சி.டி. இதோடு வருகிறது. உன் பேர் இருக்கிறது, பார்த்துக்கொள். சனிக்கிழமை கிளப்பில் நல்லபடி நடக்கட்டும். கடைசி டேப்பைப் பற்றி நான் சொன்னதை பெர்சியிடம் சொல்லிவிடு.

நெவில்

*

ஹேஸ்டிங்ஸ்
12 அக்டோபர் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லையா? ஃபோன் செய்தேன், அண்ணிதான் எடுத்தாள். நீ தோட்டத்தில் இருக்கிறாய் என்றாள். மழை கொட்டுகிற சத்தம் எனக்கு ஃபோனிலேயே கேட்டது. நீயே எடுத்திருந்தாலும் நாம் வானிலையைப் பேசிவிட்டு வைத்திருப்போம் என்பது வேறு விஷயம்.

ஒரு வரி எழுது.
நெவில்

*

ராதரம்
25 அக்டோபர் 2003

நெவில்,

உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

கிளப் நிரம்பி வழிந்தது. பெர்சி டை கட்டிக்கொண்டு வந்தான். "டின்ஸ்லி" ஓடி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உருக்காலையில் என்கூட வேலை பார்த்த கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கையை உயர்த்திக் கும்பிடாத குறை. பெர்சியிடம் அணைக்கச் சொன்னேன். அவனுக்கு அந்தப் பெட்டியை அணைக்கத் தெரிந்தால்தானே? அது பாட்டுக்கு ஓடியது. பன்றிக்கறி அடைத்த பலகாரம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி டேப் வந்தது.

கப் சத்தம் கேட்டது.

முதலில் எங்கள் கிளப் சமையலறை என்றுதான் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அந்த வண்டியின் சக்கரம், சாஸர்கள், அதற்கு மேலே ஒரு கிட்டார். பெர்சி புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தான். "கிட்டார்: நெவில் இபட்சன்." ஒருத்தன், "உன் தம்பி அன்னிக்கு மப்புல இருந்தானா வால்டர்? எங்கெங்கயோ போறானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் சிரித்தேன்.

வாசிப்பு முடிந்ததும் அந்த அம்மாள், எத்தனை சர்க்கரை என்று கேட்கிறாள். மூணு என்று ஒரு குரல். நம் இரண்டு பேர் குரலும் ஒன்றுதான், யாருக்கும் சந்தேகம் வராது. ஐரீன் மட்டும் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூணுன்னு சொல்றது யாரு வால்டர்? நெவில்தான் சர்க்கரையே தொட மாட்டானே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

இத்தனை வருஷமாக டீ வண்டிக் கதையைச் சொல்லிக்கொண்டு, அந்தத் தட்டையும் போட்டுக்கொண்டு, அதில் கப் சத்தம் எங்கே போயிற்று என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. தட்டு வந்த அன்றே வாங்கிக்கொண்டு வந்து, கூடவே வாசித்து வாசித்து விரலில் ஏற்றிக்கொண்டேன். அப்புறம் அது என் விரல் என்றுதானே தோன்றும்? உன் சோலோவுக்கு இத்தனை காலம் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டு. நீ தெரிந்தே என்னை முட்டாளாக உட்கார வைத்திருக்கிறாய். சிரித்து, கிளாஸை நிரப்பி.

இதோடு முடித்திருப்பேன். பெர்சி நேற்று ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். வெட்டி அனுப்புகிறேன். இந்த ஆல்பத்தின் உண்மையான புதையல் கடைசி டேப்தானாம். நெவில் இபட்சன் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, இவ்வளவு பயமில்லாமல் வாசித்ததே கிடையாதாம். உன் பேர், நெவில். நான் நிஜமாகவே வாசித்த ஒன்றே ஒன்றுக்கு உன் பேர். இப்போது போய் அது நான் என்று சொன்னால், அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயிறு எரிகிறது. இந்தத் தடவை நியாயமாகவே எரிகிறது.

உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். மற்ற ரீலெல்லாம் கிடங்கில் இருந்தன என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடைசி டேப் ஒன்று மட்டும் உன் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் எதற்கு இருந்தது?

வால்டர்

*

ஹேஸ்டிங்ஸ்
9 நவம்பர் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி எப்படி இருக்கிறாள்? இங்கே நாலு நாளாகப் புயல். மீன்பிடிப் படகுகளைக் கரையில் மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நீ வாசித்தது உன் பேரில் இருக்க வேண்டும். கேரத் மறுபடி அச்சடிக்கப் போகிறான். நீ சொன்னால் இரண்டு இடத்திலும் பேரை மாற்றச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இப்படியே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஏன் சிரித்தேன் என்று கேட்கிறாய். நீ அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய். வீட்டைச் சுமந்தது நீ. இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, என் சோலோவை நீ எனக்கே வாசித்துக் காட்டுவதைக் கேட்டேன். அது எனக்கு இனிக்கவில்லை அண்ணா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று இடைவேளை முடிந்து டேப்பைப் போட்டுக் கேட்டார்கள். நீ அப்போது பஸ்ஸில் இருந்தாய். நீ வாசித்ததா, நான் வாசித்ததா, ஆல்பத்தில் எதைப் போடலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். கப் சத்தம் விழுந்திருக்கிறது, ஆகாது என்றேன்.

அலை இப்போது தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலை மூட வேண்டும்.

நெவில்

*

ராதரம்
18 நவம்பர் 2003

அன்புள்ள நெவில்,

எல்லோரும் நலம். ஐரீன் இருமவில்லை, பாடுகிறாள். அதுதான் காதில் விழுந்து தொலைக்கிறது.

அலமாரி பற்றிய கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். கப் சத்தத்துக்காக வேண்டாம் என்று தள்ளிய டேப்பை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டைக்கு அடியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடிக்கடி எடுத்துக் கேட்டிருக்கிறாய். கேட்ட பிறகு மறுபடி மறைத்திருக்கிறாய். இந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுசு முழுக்க நான் செய்த தொழில் அது.

நீ என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாய். லண்டனில், ஸ்டூடியோவில், அத்தனை பேருக்கு நடுவில், ஒரு டீ ஆறுவதற்குள் வாசித்துவிட்டு ஓடிப்போன என்மேல். இதை நீயே வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மழையில் நின்று சிரித்தேன். இந்த முழங்காலோடு.

இரண்டு இடத்திலும் பேரை மாற்றச் சொல். உன் சோலோவை நீ எடுத்துக்கொள், அது நல்ல சோலோ. நான் அதை உன்னைவிட அதிகமாக வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். கிளப்பில் போன சனிக்கிழமை நானே எழுந்து சொல்லிவிட்டேன். பெர்சி, "அப்போ மப்புல இருந்தது நீயா?" என்றான். ஆமாம் என்றேன். யாரும் கைதட்டவில்லை. பிங்கோ ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஒருத்தன் போகிற போக்கில் அந்தக் கடைசி டேப்பை இன்னொரு தடவை போடச் சொன்னான்.

கிறிஸ்துமஸுக்கு வா. என் கிட்டாரை எடுத்து வா, திருப்பிக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதே. டீ ஐரீன் போடுவாள், கப்பை அவள் சத்தம் இல்லாமல் வைத்ததே கிடையாது. சர்க்கரை நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். உனக்குக் கிடையாது.

உன் அண்ணன்,
வால்டர்